பார்சலின் எடை

நவம்பர் மூன்றாம் வாரம்.
தெற்கே போகும் லாரியிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.
ஐந்தாம் நம்பர் சாலையில்
ஹெக்ஸ்ட்ராம் வீட்டுத் தபால்பெட்டியடியில்
வெள்ளையாய் ஒரு குவியல்.
பனி என்று நினைத்தேன்.
பனி திரும்பி என்னைப் பார்த்தது.

ஏப்ரலில் கோழிக்குஞ்சுகள்
துளையிட்ட அட்டைப்பெட்டியில் கீச்சிட்டபடி வரும்,
முறையாக முத்திரை குத்தி.
இதற்கு முத்திரை இல்லை, முகவரி இல்லை,
ஊன்ற ஒரு கால்கூட இல்லை.
ஏற்றிக்கொண்டேன்.
அதனால்தான் பார்சல்.

ஆபீஸ் தராசில், ஆளில்லா நேரத்தில்,
நாற்பத்து மூன்று பவுண்டு.

வில்மர் ஊர் கால்நடை டாக்டர் ஒக்காம்போ
பாதத்துக் கறுத்த புண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார்.
"காலைக் குறை சொல்லாதீங்க மார்லிஸ்.
மார்பை அவசர அவசரமா வளர்த்தாங்க.
காலை யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

எப்சம் உப்பு போட்ட வெந்நீர், இருவேளை.
இரு கால்களும் அகன்று போகாமல் நடுவே மெத்தென்று ஒரு கட்டு.
வழுக்காத ரப்பர் விரிப்பு.
இவையெல்லாம் சுலபம்.
காலையில் ஒரு கப், மாலையில் ஒரு கப் தீவனம்,
பத்து பவுண்டு குறையும்வரை
அதற்கு மேல் ஒரு மணிகூடக் கூடாது
என்றாரே, அதுதான்.

எங்கள் சர்ச்சில்
சாவுக்கும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு,
ஞானஸ்நானத்துக்கும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு.
பசித்திருப்பதைப் பசியோடே விட்டுவைப்பது
எந்த வகை அன்பு என்று
எனக்குப் பழக்கமில்லை.
விடிகாலை நாலு மணிக்குக் கொட்டகையிலிருந்து அழைக்கும்.
தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு
கணக்கு எழுதுவேன் மனசுக்குள்:
நாற்பத்தொன்று. நாற்பதரை. நாற்பதரை. நாற்பது.

தம்பி ஆரின் முதல் நாளே சொன்னான்:
"ஓவன்ல ஆறு மணி நேரம் வை. கால்வலி போயிடும்."
அவனுக்குக் கோழிப்பண்ணையில் ராத்திரி ஷிப்ட்,
லாரி ஏற்றும் வேலை, பதினைந்து வருஷமாய்.

ஜனவரியில் கட்டு மாற்ற
ஒற்றை ஆளால் முடியவில்லை. அவனைக் கூப்பிட்டேன்.
வந்தான். குனிந்தான்.
அவன் யோசிக்கும் முன்பே
கை யோசித்துவிட்டது:
இரண்டு கால், ஒரே பிடி,
தலைகீழ்.

பார்சல் சத்தம் போடவில்லை.
முகத்துச் சிவப்பு முழுக்க வடிந்தது,
நீலம் வந்தது, பிறகு அதுவும் போய்
வேகவைத்த மாவு நிறம்.
ஆரின் விட்டுவிட்டான்.
யாரோ மறந்துவைத்துப் போன கையுறைகளைப் பார்ப்பதுபோல்
தன் கைகளைப் பார்த்தான்.
வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தான், அணைத்தான்.
திரும்பி வந்து மண்டியிட்டு
மார்புக்கு அடியில், இறகுக்குள்,
இரண்டு உள்ளங்கையையும் மெல்லச் செருகினான்.

"சூடா இருக்கு" என்றான்.

பதினைந்து வருஷம்.
நான் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவனே பழைய கான்வாஸ் தபால்பையில்
இரண்டு ஓட்டை வெட்டி
உத்தரத்தில் தொங்கவிட்டான்.
கால்விரல் மட்டும் தரை தொட
பத்து நிமிஷம் அதில் மிதக்கும்
பட்டுவாடா ஆகாத என் பறவை.
எதிரே கயிற்றில் ஒரு முட்டைக்கோஸ்,
எட்டுவதற்குக் கொஞ்சம் மேலே.

பிப்ரவரி. மைனஸ் இருபத்தெட்டு.
வைக்கோலில் உட்கார்ந்து பாதம் துடைத்து
எழப் பார்த்தேன். என் முட்டி
மாட்டேன் என்றது.
இன்னொரு முறை. மாட்டேன்.
ஆரின் வேலைக்குப் போயிருந்தான்.
கதவிடுக்கில் விளக்குவெளிச்சத்தில் பனித்தூள் சுழன்றது.

அப்போது பார்சல் இறக்கை ஒன்றைத் தரையில் ஊன்றி,
உடம்பு முழுக்க நடுங்கி,
பையில்லாமல், கையில்லாமல்
எழுந்தது.
முட்டைக்கோஸை அண்ணாந்து பார்த்தது. எட்டவில்லை.
என்னைப் பார்த்தது.
ஒரு எட்டு. இன்னொரு எட்டு, கோணலாக.
என் தலையைக் கொத்தியது.

பச்சைக் கம்பளித் தொப்பி.
அதன்மேல் தப்பில்லை.

முப்பத்தாறு பவுண்டு, இன்னும் மூன்று குறையவேண்டும்.
நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தது.
நான் அசையவில்லை.